கட்டைவிரல் அளவுச் சக்களத்தன்

என் மனைவிக்குச் சலவைக் கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளை இயந்திரம் துவைத்துக் காயவைத்து வெளியே தள்ளும். மடித்து அடுக்குவது இவள் பொறுப்பு. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய விரிப்பை, ஒரு நுனியை மோவாயில் இடுக்கிக்கொண்டு, ஒருத்தியாகவே மூலைக்கு மூலை சேர்த்து மடித்துவிடுவாள். கத்தியால் அறுத்த மாதிரி ஓரம் நிற்கும். அதனால் அங்கே இவளுக்கு 'மடிப்பக்கா' என்றே பெயர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடியிருக்கிற எதைக் கண்டாலும் இவளுக்குக் கை துறுதுறுக்கும். கடையில் சுருட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரித்து இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவாள். கல்யாணமான புதிதில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் இரும்புப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு சட்டை, ஒரு டார்ச்சு. அவ்வளவுதான்."

அன்றைக்கு இவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் இருக்கிறதே, அதை ஈடுகட்ட எனக்கு இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை.

நான் குழி தோண்டுகிறவன். தண்ணீர்க் குழாய் எங்கே கசிந்தாலும் எங்கள் வண்டி போய் நிற்கும். ரோட்டை உடைப்போம், மண்ணை அள்ளுவோம், பக்கம் சரியாமல் பலகை வைத்து முட்டுக் கொடுப்போம், குழாயைச் சரிசெய்வோம். பிறகு அதே மண்ணைப் போட்டு மூடி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு வருவோம். அடுத்த வாரம் அதன் மேல் பஸ் போகும். நாங்கள் அங்கே இறங்கி ஏறினோம் என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. இருந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது தன் பழைய போனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது. ஆனால் பிடித்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பின்பக்கக் குழாயடியில் காலில் அப்பிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே இவள் தன் தங்கையோடு போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

"எங்காளு இன்னைக்கு எவ்வளவு ஆழம் இறங்கிட்டாரு தெரியுமாடி? கீழ ஒரே இருட்டு. விளக்குல எண்ணெய் வேற தீரப் போவுது. எனக்குன்னா பக்குபக்குங்குது... ஆமாடி, முதுகுல அவ்வளவு பெரிய பை. அதையும் தூக்கிக்கிட்டு மேல வரணுமே, பாவம்."

கையிலிருந்த சோப்பு நழுவி விழுந்தது. இவள் என் பெயரைச் சொல்லமாட்டாள். நேரில் 'ஏங்க', மற்றவர்களிடம் 'எங்காளு'. தாலி கட்டின நாளிலிருந்து அதுதான். ஆக, என்னைப் பற்றித்தான் பேச்சு. என் ஆழத்தைப் பற்றி, என் இருட்டைப் பற்றி! எங்களுக்குக் கொடுத்திருப்பது பேட்டரி விளக்கு, அதில் எண்ணெய் ஏது என்று ஒரு யோசனை வந்தது. பெண்பிள்ளை, ஏதோ சேர்த்துச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். பை என்றது சாப்பாட்டுப் பையாக இருக்கும்.

அன்றைக்குக் கால்களை இரண்டு தரம் கழுவினேன். இவள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த அலமாரிக் கதவைக் கேட்காமலேயே சரிசெய்து கொடுத்தேன். "என்னங்க, உடம்புக்கு ஏதாவது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தினமும் குழாயடியில் நேரமெடுத்துக் கால் கழுவ ஆரம்பித்தேன். காது மட்டும் உள்ளே இருக்கும். 'எங்காளு ஒரு ஏரியையே கண்டுபிடிச்சிட்டாருடி' என்றாள் ஒருநாள். போன வாரம் குழாய் உடைத்துக்கொண்டு குழி முழுக்கத் தண்ணீர் நின்றதே, அதைத்தான் சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். எப்படித் தெரிந்துகொண்டாள் என்று யோசிக்கக்கூட இல்லை. புகழ்கிற வாயைப் பார்த்து யாராவது கேள்வி கேட்பார்களா?

பிறகு ஒரு சாயங்காலம், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து இவள் குரல்:

"எங்காளு செத்துட்டாருடி!"

சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

"வவ்வால் வந்து அடிச்சுதுடி. நேரா முள்ளு மேல போய் விழுந்தாரு. பையில இருந்ததெல்லாம் போச்சு. அதான் எனக்கு வயிறு எரியுது."

சோப்பு வழிய, தண்ணீர் சொட்ட உள்ளே போனேன்.

"யாருடி செத்தது?"

"ஐய, தரையெல்லாம் ஈரம்! இவருதாங்க," என்று போனைத் திருப்பிக் காட்டினாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவு ஆள். சிவப்புச் சட்டை, தலையில் விளக்கு வைத்த தொப்பி, கையில் ஒரு பிக்காசு. செத்துப்போனவன் மறுபடியும் மேலே ஒரு கொட்டகை வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"கேமுங்க. தங்கச்சி ஏத்திக் குடுத்தா. மண்ணத் தோண்டிக்கிட்டே கீழ போகணும். தாவணும், ஏறணும். செம்பு, தங்கம், கல்லு எல்லாம் கிடைக்கும். நீங்க முகத்தக் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். எரிந்தது. சோப்பு கண்ணில் போனதால் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பயல் இறங்குவான். இவள் புருவம் அவனோடு சேர்ந்து இறங்கும். அவன் தாவினால் இவள் தோள் தாவும். அவன் ஓரத்தில் தடுமாறினால், "பாத்து, பாத்து" என்பாள். இருபது அடி மண் என் தலைக்கு மேல் நிற்கிற இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்திருக்கிறேன். எனக்கு ஒரு 'பாத்து' கிடைத்ததில்லை.

அவனுக்கு எல்லாமே மரியாதைதான். 'இறங்குறாரு', 'வர்றாரு', 'பசிக்குமோ என்னமோ'. அவன் நகத்தில் அழுக்கு இல்லை. இடுப்பு வலி இல்லை. வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போடுவதில்லை. இந்த மாதிரி ஒருத்தனோடு எவன் போட்டி போடுவது?

என்னோடு குழியில் இறங்குகிறவன் ஒருத்தன் உண்டு. ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பான், அதனால் கொக்கு. டீ குடிக்கும்போது அவனிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அண்ணே, ஆளா இருந்தா சட்டையப் புடிக்கலாம். இவனுக்குச் சட்டையே ஒரு புள்ளிதான். என்னண்ணே பண்ணுவீங்க?" என்றான்.

"சிரிக்காத."

"பொம்பளைக்குப் போட்டியா வந்தா சக்களத்திம்பாங்க. ஆம்பளைக்கு வந்தா என்னண்ணே சொல்றது?"

"அப்படி ஒரு சொல்லே கிடையாதுடா."

கொக்கு டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப யோசித்தான். "சக்களத்தன்," என்றான்.

அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தினமும் காலையில் வண்டியில் ஏறும்போது, "அண்ணே, சக்களத்தர் சௌக்கியமா?" என்று விசாரிப்பான். சூப்பர்வைசரே ஒருநாள் "யாருய்யா அது, உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

வீட்டில் ஒருநாள் வாயை அடக்க முடியாமல் கேட்டேன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

கிண்டலாகத்தான் கேட்டேன். இவள் நிஜமாகவே பதில் சொன்னாள், கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல்.

"என்ன இருக்குன்னு தெரியாதுங்க. அதான். நான் காலைலருந்து மடிக்கிறது பிரிச்சாலும் வெள்ளை, மடிச்சாலும் வெள்ளை. இதுல ஒரு கட்டியத் தட்டினா அடுத்தது என்னன்னு தெரியாது. வெறும் மண்ணாவும் இருக்கலாம், பச்சையா ஒண்ணு மின்னவும் மின்னலாம். பக்கத்துல வெத்துக் குகையா இருந்து, உள்ள யாரோ பூட்டிவச்ச கதவு இருக்கலாம். விளக்கு தீர்றதுக்குள்ள மேல வந்துடணும். ஆனா இன்னும் ஒண்ணே ஒண்ணு தட்டிப் பாப்போம்னு தோணும் பாருங்க..." பயலை ஒரு திட்டில் நிறுத்தினாள். "அப்புறம், நான் தோண்டின வழி அப்படியே இருக்கும்ங்க. மறுநாள் வந்து பாத்தாலும் இருக்கும். யாரும் மூட மாட்டாங்க."

அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. நான் தோண்டினது எதுவும் இல்லை இந்த ஊரில். அவன் தோண்டினது மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். போன் சார்ஜில் கிடந்தது. பேட்டரி கெட்டுப்போனது, ரொம்ப நேரம் ஏற வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்தினதும் நான் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவனைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிடுவது என்று முடிவு. செத்தால் பையில் சேர்த்ததெல்லாம் போய்விடும். நாலைந்து தரம் போனால் இவளுக்கும் வெறுத்துவிடும். அதுதான் என் கணக்கு.

விரலால் தள்ளித் தள்ளி அவனை இறக்கினேன். முதலில் கண்ணில் பட்டது இவள் தோண்டியிருந்த வழி. அசந்துபோனேன். கோணல்மாணல் இல்லை. நேராக இறங்கி, நேராகத் திரும்பி, மூலைக்கு மூலை சேர்ந்து, விரிப்பு மடித்த மாதிரியே இருந்தது. யாரும் சொல்லாமலேயே இவள் கை என்று நான் சொல்லியிருப்பேன். அவ்வளவு பெரிய குடைவுக்கு ஒரு முட்டுக்கட்டைகூடக் கொடுக்கவில்லை என்று கோபமும் வந்தது.

பிறகு பள்ளம் வந்தது. கீழே கருப்பு. ஒரு தட்டுத் தட்டினால் குதிப்பான், செத்துத் தொலைவான். விரலைக் கொண்டுபோனேன். விரல் இறங்கவில்லை.

குழிக்குள் குதிக்கிறவனை நான் பக்கத்தில் வைத்துக்கொண்டதே கிடையாது. எவனாவது குதித்தால் அன்றைக்கே மேலே அனுப்பிவிடுவேன். ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். கை அதற்கே பழகிப்போயிருக்கிறது, மனசு சொல்வதைக் கேட்பேனா என்கிறது. திரையின் ஓரத்தில் ஏணிப் படம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன். ஏணி நின்றது. சக்களத்தன் பொறுப்பாகப் படி படியாக இறங்கினான்.

அடுத்த திட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கொல்லத்தான் போகிறேன், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம், அடுத்த இடத்தில் பார்ப்போம் என்று போய்க்கொண்டே இருந்தேன். நடுவில் சுவரில் நீலமாக ஒன்று கண் சிமிட்டியது. தட்டினேன். பையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வெறும் மண். வெறும் மண்ணுக்குப் பின்னால் என்ன? தட்டித்தானே பார்க்க வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது, இவள் போட்டு வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. போனைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவள் கைகால் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள்.

"ஏங்க, என் ஏணியெல்லாம் எங்க?"

"எந்த ஏணி?"

"அந்தப் பெரிய பள்ளத்துக்குன்னு சேத்து வச்சிருந்தேனே... ஏங்க, போனத் தொட்டீங்களா?"

இவள் அவனை மேலும் கீழும் நடத்திப் பார்த்தாள்.

"ஐயய்ய, திட்டுக்குத் திட்டு ஏணி! இது முழங்கால் உயரம்ங்க! குழந்தைகூடக் குதிச்சிடும். இதுக்குப் போய் ஏணியா?"

"குழிக்குள்ள குதிக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"குதிச்சா பக்கத்து மண்ணு அதிரும். கீழ இருக்கிறவன் தலையில விழும்."

"கீழதான் யாரும் இல்லையே!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குங்க இதத் தொட்டீங்க?"

"அவனத் தள்ளிவிடத்தான்."

"யார?"

"உங்காள."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள் பாருங்கள், போன் மடியிலிருந்து உருண்டு விழுந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இவன்கூடவாங்க? இவன்கூடவா போட்டி?"

"சிரிக்காத. நானும்தான் இறங்குறேன். ஒருநாளாவது எவ்வளவு ஆழம்னு கேட்டிருக்கியா?"

சிரிப்பு நின்றது. இப்போது இவள் முறை.

"நீங்க ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா? வந்ததும் 'சோப்பு எங்க'ம்பீங்க. வேலை எப்படின்னு கேட்டா 'பைப்பு உடைஞ்சுது, மூடியாச்சு'ம்பீங்க. அதுல நான் என்னத்தக் கேக்குறது? மூடியாச்சுன்னு சொன்னவர்கிட்ட உள்ள என்ன இருந்துச்சுன்னா கேக்க முடியும்?"

மூடினதைத்தான் வேலை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இவள் போனைத் துடைத்து வைத்தாள். "நாளைக்கு எங்க வேலை?"

"உங்க கூடத்துக்குப் பின்னால, அந்த வளைவு ரோட்டுல."

"சாப்பாட்டு நேரத்துல வந்து பாக்குறேன்."

மறுநாள் காலையில் என்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கொக்கு என்னைச் சுற்றி வந்து பார்த்து, "அண்ணே, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போனது. ஏன் என்று இடத்துக்குப் போனதும் எனக்கும் தெரிந்தது. போன மாதம் முழுக்க ஆளுக்கு மேல் ஆள் நிற்கிற ஆழத்தில் வேலை பார்த்தோம். இரண்டு ஏணி கட்டி இறங்கினோம். இன்றைக்கு என்று பார்த்து வீட்டு இணைப்புக் குழாய். தோண்டி முடித்தபோது இடுப்புக்கே வரவில்லை. ஏணியே தேவையில்லை. என் நேரம் அப்படி.

மதியம் இவள் வந்தாள். கூடத்துச் சீருடையோடு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். நான் குழிக்குள் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். என் முக்கால்வாசி உடம்பு வெளியேதான் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

கொக்கு இருமுகிற மாதிரித் திரும்பிக்கொண்டான்.

"இன்னைக்கு இவ்வளவுதான். போன மாசம் வந்திருக்கணும் நீ."

"போன மாசம் தோண்டினத இப்பப் போய்ப் பாக்கலாமா?"

"மூடியாச்சு."

இவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் பழைய இரும்புப் பெட்டி முகம் தெரிந்த மாதிரி இருந்தது. டப்பாவைக் கையில் மாற்றிக்கொண்டாள். கிளம்பப் போகிறாள். இந்தக் குழியோடு என் கதை முடிந்தது, அவன் பாட்டுக்கு அதலபாதாளத்தில் மின்னிக்கொண்டிருக்கப் போகிறான்.

மண்வெட்டியை எடுத்தேன். குழாய்க்குக் கீழே ஓங்கி ஒரு வெட்டு.

"அண்ணே, போதும்ணே, மட்டம் சரியா இருக்கு," என்றான் கொக்கு.

இன்னொன்று. காலடியில் செம்மண் அள்ளிக்கொண்டு வந்தது. அதற்கும் கீழே இன்னொன்று வெட்டினேன். இந்த வெட்டில் வந்த மண் செம்மண் இல்லை. சாம்பலும் நீலமும் கலந்த களிமண், ஈரமாக, அறுத்த ஓரம் பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி எத்தனையோ தரம் அள்ளி வெளியே எறிந்திருப்பேன். நின்று பார்த்ததில்லை.

"ஏங்க! நிறம் மாறுது!" இவள் தடுப்பின் மேல் வயிற்றை வைத்துக் குனிந்துவிட்டாள். "அது என்னங்க, நடுவுல வெள்ளையா?"

"கிளிஞ்சல் மாதிரி இருக்கு," என்றேன்.

"ரோட்டுக்கு அடியிலயா? எப்படிங்க வந்துச்சு? அதுக்கும் கீழ என்ன இருக்கும்?"

"தெரியாது."

தெரியாது என்று சொன்னதும் இவள் கண் அப்படியே விரிந்தது. அந்தப் பயலைப் பார்க்கும்போது விரியுமே, அதே மாதிரி. ஆனால் கண் இருந்தது மண்ணின் மேல். நான் நல்ல சட்டை போட்டிருப்பதை இவள் கவனிக்கவே இல்லை. ஒரு நிமிஷம் அந்தக் களிமண்ணைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யோவ், குழாய்தான் தெரியுதே, இன்னும் எங்கய்யா போற? இத யாரு திரும்ப இடிச்சு மட்டம் பண்றது?"

"கொக்குதான் பண்ணுவான்," என்றேன்.

"நான் பண்ணிடுறேன் சார்," என்றான் கொக்கு. "அண்ணி வந்திருக்காங்கல்ல?"

சூப்பர்வைசர் அப்போதுதான் இவளைப் பார்த்தார். இவள் தடுப்பைவிட்டு நிமிரவே இல்லை.

"அண்ணே, கோச்சுக்காதீங்க," என்றாள் அவரிடம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு அவரும் தடுப்பருகே வந்து எட்டிப் பார்த்தார்.

மண்வெட்டிக் காம்பில் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டினேன்.